தக்காளி இலைக்கருகல்: மருந்துக்கு முன் கத்தரிக்கோல்

மாடியில் பத்துப் பைகளில் தக்காளி. ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து அடி இலைகளில் கரும்புள்ளி விழுந்து, இலை மஞ்சளாகி உதிர்கிறது. வேப்பெண்ணெய் இரண்டு முறை அடித்தும் நிற்கவில்லை. நர்சரியில் ‘பூஞ்சை மருந்து’ என்று ஒரு பொட்டலம் மடித்துக் கொடுத்திருக்கிறார்கள். அதை அடிக்கலாமா, இல்லை செடியையே பிடுங்கிப் போட்டுவிடலாமா என்று தாம்பரத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள்.

பிடுங்க வேண்டாம். பொட்டலத்தையும் இப்போதைக்குப் பிரிக்க வேண்டாம். காய் பிடித்திருக்கிறது, கொழுந்து பச்சையாகத்தான் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் செடிக்குத் தெம்பு இருக்கிறது. நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் இது முன்கருகல். சமவெளியில், மழைக்காலத்தில், பையில் வளரும் தக்காளிக்கு இது வராமல் போனால்தான் ஆச்சரியம். அடியோடு ஒழிக்க முடியாது. ஆனால் அடி இலைகளோடு நிறுத்தி, காய் பறித்து முடியும்வரை செடியை ஓட்டிவிடலாம். அதற்கு மருந்தைவிட முக்கியம், இலை எத்தனை மணி நேரம் நனைந்தபடி இருக்கிறது என்பது. நான் கீழே சொல்லப்போவதில் பாதிக்கு மேல் அந்த ஈரத்தைக் குறைக்கும் வேலைதான்.

முதலில், நோய் இதுதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். புள்ளி விழுந்த இலை ஒன்றைப் பறித்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கண் சரியாகத் தெரியாவிட்டால் கைபேசிக் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். முன்கருகல் புள்ளி காபிப்பொடி நிறத்தில் இருக்கும். அதற்குள் ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்கள் தெரியும், மரத்தை அறுத்த துண்டில் தெரிவது போல. புள்ளியைச் சுற்றி மஞ்சள் பூத்திருக்கும். புள்ளி பெரிதானதும் நடுப்பகுதி காய்ந்து, தொட்டால் பொடியும். தரைக்கு நெருக்கமான கிழட்டு இலைகளில் தொடங்கி, ஒவ்வொரு அடுக்காக மேலே ஏறும். தண்டிலும் நீள்வட்டமாகக் கருமை விழலாம். காயில் வந்தால் பெரும்பாலும் காம்பு ஒட்டியிருக்கும் இடத்தில்தான் வரும். கறுத்து, உள்வாங்கி, தோல் போலத் தடித்திருக்கும், அங்கும் வளையம் தெரியும். ஆல்டர்னேரியா என்ற பூஞ்சையின் வேலை இது.

வளையம் இல்லையென்றால் வேறு ஏதோ. தக்காளி இலையில் எது வந்தாலும் ‘கருகல்’ என்று சொல்லி மருந்து அடிப்பது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இலை மேல் வெள்ளைக் கோடு பாம்பு போன தடமாக வளைந்து வளைந்து ஓடினால் அது இலைத்துளைப்பான் ஈயின் புழு. பூஞ்சை மருந்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கொழுந்து சுருண்டு, சின்னதாகி, செடி குட்டையாக நின்றுவிட்டால் அது வெள்ளை ஈ கொண்டுவரும் இலைச்சுருள் வைரஸ். அந்தச் செடியை மட்டும் தயங்காமல் பிடுங்குங்கள், அதற்கு மருந்தே கிடையாது. புள்ளிகள் மிளகு அளவில் ஏராளமாக, நடுவில் சாம்பல் நிறத்தோடு, அதற்குள் ஊசி முனை அளவுக் கருப்புப் பொட்டுகளோடு இருந்தால் அது செப்டோரியா என்ற வேறொரு பூஞ்சை. அதற்கும் இங்கே சொல்லும் பராமரிப்பே போதும். காயின் அடிப்பக்கம், அதாவது காம்புக்கு நேர் எதிர்ப்பக்கம், கறுத்துத் தட்டையாகிவிட்டால் அது நோயே இல்லை. ஒருநாள் பை காய்ந்தும் மறுநாள் மிதந்தும் கிடப்பதால் காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராமல் வரும் கோளாறு.

இலையில் ஒரு புள்ளிகூட இல்லாமல், பச்சையாக இருக்கும்போதே செடி முழுவதும் திடீரென்று தொங்கிவிட்டால் வாடல் நோயைச் சந்தேகப்படுங்கள். தண்டை அடியில் அறுத்து, அறுத்த முனை மட்டும் நனையும்படி ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் தொங்கவிடுங்கள். சில நிமிடங்களில் வெள்ளையாகப் புகை மாதிரி ஒரு கசிவு இறங்கினால் அது பாக்டீரியா வாடல். அந்தப் பை மண்ணைத் தக்காளி, கத்தரி, மிளகாய் எதற்கும் மறுபடி பயன்படுத்தாதீர்கள்.

இன்னொன்று, வேப்பெண்ணெய். இரண்டு முறை அடித்தேன் என்றீர்களே, எத்தனை மணிக்கு அடித்தீர்கள்? காலை பத்து மணிக்கு மேல், வெயில் ஏறியபின் எண்ணெய் அடித்தால் இலை வெந்துபோகும். அந்தக் காய்ச்சல் திட்டுத்திட்டாகப் பழுப்பு நிறத்தில் இருக்கும். மேல் இலைகளில்தான் அதிகம் தெரியும், வளையம் இருக்காது. பலர் அதை நோய் பரவிவிட்டதாக நினைத்து இன்னும் ஒரு சுற்று எண்ணெய் அடிப்பார்கள். வேப்பெண்ணெய் சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கு நல்லது. முன்கருகலுக்கு அதை நம்பி உட்கார்ந்திருப்பது வீண்.

கருகலில் இன்னொன்றும் உண்டு, பின்கருகல். அதைக் கேட்டால்தான் எனக்குப் பயம். ஃபைட்டாப்தோரா இன்ஃபெஸ்டன்ஸ் என்று பெயர். பார்க்கப் பூஞ்சை மாதிரி இருந்தாலும் பூஞ்சை இனமே அல்ல, நீர்ப்பாசிகளுக்குத் தூரத்து உறவு. 1845-ல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கை அழித்துப் பெரும் பஞ்சத்தைக் கொண்டுவந்தது இதுதான். தக்காளியும் உருளையும் ஒரே குடும்பம் என்பதால் இரண்டையும் தாக்கும். இலை ஓரத்திலிருந்து, வெந்நீர் ஊற்றியது போலக் கரும்பச்சையாகத் திட்டு பரவும். வளையம் கிடையாது, அடி இலை மேல் இலை என்ற கணக்கும் கிடையாது. விடியற்காலையில் இலையைத் திருப்பிப் பார்த்தால் திட்டின் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருக்கும். சந்தேகமாக இருந்தால் அந்த இலையை ஈரத் துணியோடு ஒரு மூடி போட்ட டப்பாவில் ஓர் இரவு வைத்துப் பாருங்கள். காலையில் அந்த வெள்ளைப் பூப்பு தெளிவாகத் தெரிந்துவிடும்.

தாம்பரத்தில் உங்களுக்கு அது வர வாய்ப்பு மிகக் குறைவு. அதற்குக் குளிர் வேண்டும். பதினைந்திலிருந்து இருபத்திரண்டு டிகிரிக்குள் வெயில் முகம் காட்டாத ஈர நாட்கள் வேண்டும். ஊட்டி, கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் வீட்டில் தக்காளி போட்டிருப்பவர்களுக்கும், கார்த்திகை மார்கழியில் ஓசூர், பெங்களூரு பக்கம் இருப்பவர்களுக்கும்தான் இந்த எச்சரிக்கை. அங்கே இது வந்துவிட்டால் கத்தரித்துப் பார்க்கலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். ஒரு வாரத்துக்குள் செடி முழுவதும் வெந்து போகும். பக்கத்து வீட்டு உருளைப் பாத்திக்கும் காற்றோடு போகும். செடியைப் பிடுங்கிப் பாலித்தீன் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை இரண்டு மூன்று நாள் வெயிலில் வைத்து, அப்புறம் குப்பையில் சேருங்கள். இந்தக் கிருமி உயிருள்ள செடியில்தான் பிழைக்கும். இலை செத்தால் அதுவும் பெரும்பாலும் சாகும். ஆனால் மண்ணுக்குள் தங்கிவிட்ட உருளைக்கிழங்கில் உயிரோடு உட்கார்ந்திருக்கும். அதனால் தானாக முளைக்கும் உருளைச் செடியை மலைத் தோட்டத்தில் விட்டுவைக்கக் கூடாது. இதற்கென்று கடையில் தரும் மெட்டலாக்சில் மருந்துக்கு அசராத வகைகள் தென்னிந்தியாவில் பரவியிருப்பது ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. எனவே அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது.

உங்கள் செடிக்கு வருவோம். ஆல்டர்னேரியாவின் வித்துகள், அதாவது அந்தப் பூஞ்சையைப் பரப்பும் கண்ணுக்குத் தெரியாத துகள்கள், எங்கும் இருக்கின்றன. போன வருடத் தக்காளிச் சருகில், பை மண்ணில், சில சமயம் விதையிலேயே, மொட்டை மாடி மூலையில் தானாக முளைத்த மணத்தக்காளியில். அவை இருப்பதால் மட்டும் நோய் வந்துவிடாது. வித்து இலையில் விழ வேண்டும், அங்கே சில மணி நேரமாவது தொடர்ந்து ஈரம் இருக்க வேண்டும், வெப்பம் இருபத்து நான்கிலிருந்து இருபத்தொன்பது டிகிரிக்குள் இருக்க வேண்டும். சென்னையில் ஐப்பசி கார்த்திகையில் இரவும் பகலும் ஏறக்குறைய அந்தக் கணக்கில்தான் ஓடுகிறது. வெப்பத்தை நாம் மாற்ற முடியாது, மழையையும் மாற்ற முடியாது. ஆனால் மழை விட்ட பிறகு இலை அரை மணியில் காய்கிறதா, மதியம்வரை நனைந்தே கிடக்கிறதா என்பது நம் கையில் இருக்கிறது. சாயங்காலம் பூவாளியால் தலையோடு குளிப்பாட்டும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். அப்படி நனைந்த இலை காலைவரை காயாது. ஒவ்வொரு ராத்திரியும் நோய்க்கு நாமே விருந்து வைக்கிற மாதிரி.

மழை நின்ற பிறகும் நிம்மதி அடைய முடியாது. மார்கழிப் பனி மழைக்குச் சளைத்ததல்ல. ராத்திரி ஒன்பது மணிக்கே பனி இறங்கி, காலை எட்டு மணிவரை இலை முத்து முத்தாகப் பூத்திருந்தால் பத்து மணி நேரத்துக்கு மேல் ஈரம். மழை போய்விட்டது, இனி பயமில்லை என்று கவனிப்பை விடுகிற சமயத்தில்தான் இரண்டாவது சுற்று வரும். பைகளை மாடியின் கிழக்கு ஓரத்துக்கு நகர்த்தினால் காலை முதல் வெயில் பட்டுப் பனி சீக்கிரம் உலரும். இந்த ஒரு நகர்த்தலுக்குச் செலவும் இல்லை.

இன்று செய்ய வேண்டியது இலை கழிப்பது. மழை இல்லாத நாளில், பனி காய்ந்தபின், பத்து மணிக்கு மேல் செய்யுங்கள். ஈர இலையைத் தொட்டால் கையே வித்துகளை அடுத்த செடிக்குக் கொண்டுபோகும். கத்தரிக்கோலை ஸ்பிரிட்டில் துடைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு செடி முடிந்ததும் மறுபடி துடையுங்கள். நல்ல செடியில் ஆரம்பித்து மோசமான செடியில் முடியுங்கள். புள்ளி விழுந்த இலையை நுனியில் நறுக்காமல், இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்துக்குச் சற்று முன்னால் வெட்டுங்கள். மண்ணிலிருந்து ஓர் அடி உயரம்வரை, புள்ளி இருந்தாலும் இல்லாவிட்டாலும், இலையே இருக்க வேண்டாம். வெட்டியதும் செடி மொட்டையடித்த மாதிரி நிற்கும், மனசு கேட்காது. பரவாயில்லை. ஆனால் ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். மீதியை நான்கைந்து நாள் கழித்து எடுங்கள். காய்க்குலைக்கு மேலே நிழல் தரும் இலைகளை விட்டுவையுங்கள், இல்லாவிட்டால் காய் வெயிலில் வெளுத்துப்போகும். வெட்டிய இலைகளைப் பைக்குள்ளேயே மூடாக்காகப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்; அது நோயை நாமே விதைப்பது. எல்லாவற்றையும் பொறுக்கி ஒரு பையில் கட்டி வெளியேற்றுங்கள்.

அதோடு பக்கக்கிளைகள். தண்டுக்கும் இலைக்கும் இடுக்கில் கிளம்பும் பிஞ்சுக் கிளைகளை விரல் அளவில் இருக்கும்போதே கிள்ளிவிடுங்கள். கொடித் தக்காளிக்கு இது அவசியம். புதராக வளரும் நாட்டு ரகத்தில் உள்பக்கம் அடைசலாக இருப்பதை மட்டும் எடுத்தால் போதும். ஒரு பையில் ஒரு செடி. ஒரே பையில் இரண்டு மூன்று வைத்திருந்தால் வலுவான ஒன்றை விட்டு மற்றதை மண் மட்டத்தில் வெட்டுங்கள். பைக்கும் பைக்கும் நடுவே ஆள் புகுந்து நடக்கிற அளவு இடம் விடுங்கள். மூங்கில் குச்சி நட்டு, சணலை எட்டு வடிவில் சுற்றித் தளர்வாகக் கட்டி, செடியை நிமிர்த்தி நிறுத்துங்கள். படுத்துக் கிடக்கும் தக்காளிச் செடியைக் கருகலிலிருந்து காப்பாற்ற யாராலும் முடியாது.

மழைத்துளி மண்ணில் விழுந்து தெறிக்கும்போதுதான் வித்து அடி இலைக்கு ஏறுகிறது. அதைத் தடுக்க மண்ணுக்கு மேல் மூடாக்கு போடுங்கள். காய்ந்த வைக்கோல், கரும்புச் சோகை, காய்ந்த தென்னை மட்டை நார், எது கிடைக்கிறதோ அது, இரண்டு விரல் கனத்துக்கு. தண்டை ஒட்டாமல் ஒரு சாண் வட்டத்துக்கு இடம் விடலாம் என்று சிலர் சொல்வார்கள். பையில் அவ்வளவு இடம் இருக்காது, இரண்டு விரல் விட்டாலே போதும். தண்ணீரைக் காலையில், தம்ளரால் மொண்டு, வேரடியில் ஊற்றுங்கள். பை அடியில் ஓட்டை அடைத்திருக்கிறதா என்று ஒருமுறை பைகளைச் சாய்த்துப் பாருங்கள். அடைமழை நாட்களில் மேலே தெளிவான பாலித்தீன் தாள் கட்ட முடிந்தால் கட்டுங்கள், பக்கவாட்டில் காற்று ஓடட்டும். நாலு பக்கமும் மூடினால் உள்ளே வேர்த்து நனைந்து, கட்டாமல் விட்டதைவிட மோசமாகும்.

அடுத்தது உணவு. முன்கருகல் பசியோடு இருக்கும் செடியைத்தான் முதலில் பிடிக்கும். காய் சுமக்கத் தொடங்கிய செடி அடி இலைகளிலிருந்து சத்தை எடுத்துக் காய்க்கு அனுப்பும். அந்த இலைகள் தளர்ந்ததும் பூஞ்சை நுழையும். பையில் நிலைமை இன்னும் மோசம், ஒவ்வொரு கனமழையும் சத்தை அடி ஓட்டை வழியே கழுவிக்கொண்டு போய்விடுகிறது. மழை பெய்கிறதே என்று தண்ணீர் ஊற்றாமல் விடுகிறோம், கூடவே உரம் வைப்பதையும் மறந்துவிடுகிறோம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை பைக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம், நடுவே ஒருமுறை ஊறவைத்த கடலைப்புண்ணாக்குத் தண்ணீரை நன்றாக நீர்த்து வேரில் ஊற்றுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அனுப்பிய விவரத்தில், நட்டதிலிருந்து உரமே வைக்கவில்லை என்று ஒரு வரி இருந்தது. எனக்கென்னவோ உங்கள் பிரச்சினையில் பாதி அந்த வரியில்தான் இருக்கிறது.

இவ்வளவும் செய்தபின் மருந்து. ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: வந்த புள்ளியை எந்த மருந்தும் அழிக்காது. கருகிய இலை மறுபடி பச்சையாகாது. அடிக்கிற மருந்து மிச்சமிருக்கும் நல்ல இலை மேல் ஒரு படலமாகப் படிந்து, புதிதாக விழும் வித்தை முளைக்க விடாமல் செய்கிறது, அவ்வளவுதான். ஆகவே இலை கழிக்காமல் மருந்து மட்டும் அடித்தால் பலன் சொற்பம். கழித்த பின் அடித்தால் அதே மருந்து நன்றாக வேலை செய்யும்.

வீட்டுத் தோட்டத்துக்கு நான் சொல்வது போர்டோ கலவை. மயில்துத்தமும் (காப்பர் சல்பேட் என்ற செம்பு உப்பு) சுண்ணாம்பும் தண்ணீரும்தான். பிரான்ஸில் போர்டோ பக்கம் திராட்சைத் தோட்டக்காரர்கள், வழிப்போக்கர்கள் பழத்தைப் பறித்துத் தின்னாமல் இருக்கச் சாலையோரக் கொடிகளில் மட்டும் இந்த நீலக் கலவையைப் பூசி வைத்திருந்தார்களாம். மற்ற கொடிகள் அடிச்சாம்பல் நோயில் இலை உதிர்த்து நிற்க, பூசிய கொடிகள் பச்சையாக நின்றதை மில்லார்டே என்ற தாவரவியல் பேராசிரியர் கவனித்து, சோதித்து, 1885-ல் வெளியிட்டார். திருட்டுக்குப் பயந்து பூசியது பயிருக்கு மருந்தாகிவிட்டது.

செய்முறையில் ஒழுங்கு முக்கியம். முழு அளவு ஒரு சதவீதம்: லிட்டருக்குப் பத்து கிராம் மயில்துத்தம், பத்து கிராம் சுட்ட சுண்ணாம்பு. இளம் தக்காளி இலை அந்த அளவில் சில சமயம் கருகும் என்பதால், பைச் செடிக்கு ஐந்து ஐந்து கிராம் போதும். பத்துச் செடிக்கு ஒரு லிட்டர் கலவை தாராளம். தேக்கரண்டிக் கணக்கு வேண்டாம், சின்ன டிஜிட்டல் தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். ஒரு பிளாஸ்டிக் மக்கில் அரை லிட்டர் தண்ணீரில் மயில்துத்தத்தைப் போட்டு முழுதும் கரையும்வரை காத்திருங்கள். இன்னொரு மக்கில் சுண்ணாம்புக் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்து நீற்றுங்கள். கொதித்துத் தெறிக்கும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம். அது ஆறியதும் அரை லிட்டராக்குங்கள். பிறகு மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் மெல்ல ஊற்றி, குச்சியால் கலக்கிக்கொண்டே இருங்கள். மாற்றி ஊற்றாதீர்கள். இரும்பு, அலுமினியம் பாத்திரம் கூடவே கூடாது. நல்ல வானநீலத்தில் வரும். தேய்த்துப் பளிச்சென்று ஆக்கிய இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் அதில் நனைத்து எடுங்கள். கத்தியில் செம்பு நிறம் படிந்திருந்தால் சுண்ணாம்பு பற்றவில்லை, அடித்தால் இலை வெந்துவிடும். இன்னும் கொஞ்சம் சுண்ணாம்புத் தண்ணீர் விட்டு, கத்தி நிறம் மாறாத வரைக்கும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். துணியில் வடிகட்டி அன்றைக்கே அடித்துவிட வேண்டும், மிச்சத்தை நாளைக்கு வைக்க முடியாது.

முதலில் ஒரு செடிக்கு அடித்து ஒரு நாள் பாருங்கள். இலை நன்றாக இருந்தால் மற்றதற்கு. இலையின் அடிப்பக்கம், தண்டு, எல்லாம் நனையட்டும். காலையில் அடித்தால் வெயிலுக்குள் காய்ந்துவிடும். கனமழை பெய்தால் படலம் கரையும். பத்து நாள் இடைவெளியில் இன்னொரு முறை. ஒரு பருவத்துக்கு மூன்று நான்கு முறைக்கு மேல் தேவைப்பட்டால் எங்கோ இலை ஈரம் சரியாகவில்லை என்று அர்த்தம். செம்பு மண்ணில் மக்காது, ஒரு பை மண்ணில் சேர்ந்துகொண்டே போகும், மண்புழுவுக்கு ஆகாது. அதனால்தான் இயற்கை விவசாயத்திலும் அனுமதி உண்டு என்று தைரியமாக வாராவாரம் அடிப்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. கலக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு காப்பர் ஆக்ஸிகுளோரைடு தூள் கடையிலேயே கிடைக்கிறது, லிட்டருக்கு இரண்டரை கிராம். வேலை ஏறக்குறைய அதே.

நர்சரிப் பொட்டலத்துக்கு வருகிறேன். பெயர், அளவு, தேதி எதுவும் இல்லாத காகிதப் பொட்டலத்தை, சாப்பிடும் செடியில் அடிக்கவே கூடாது. அங்கே போய் என்ன மருந்து என்று கேளுங்கள், அசல் டப்பாவைக் காட்டச் சொல்லுங்கள். ‘கார்பன்டாசிம்’ என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வேறு பல பூஞ்சைகளுக்கு நல்ல மருந்துதான், ஆனால் ஆல்டர்னேரியாவுக்கு அது வேலை செய்யாது. கார்பன்டாசிமும் மாங்கோசெப்பும் கலந்தது என்றால், கருகலைப் பிடிப்பது அதிலுள்ள மாங்கோசெப் மட்டும். மாங்கோசெப் தனியாக லிட்டருக்கு இரண்டு கிராம் என்று நம் விவசாயிகள் காலங்காலமாக அடிப்பது, பலனும் உண்டு. ஆனால் ஐரோப்பிய ஒன்றியம் உடல்நலக் காரணங்களுக்காக 2020-ல் அதன் அனுமதியைப் புதுப்பிக்கவில்லை. வயலில் அடித்துவிட்டு லேபிளில் போட்டிருக்கும் நாள் கணக்குப்படி காத்திருந்து மொத்தமாகப் பறிக்கலாம். மாடியில் நாம் சமைக்கும்போது போய் இரண்டு காய் பறித்துக்கொண்டு வருகிறோம், அந்தக் காத்திருப்பு நடக்காது. அதனால் பத்துப் பைக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

சூடோமோனாஸ் என்ற, செடிக்கு நன்மை செய்யும் பாக்டீரியாத் தூளைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நல்லது, ஆனால் நோய் ஏறிய பின் அடிக்கிற மருந்தாக அதை எண்ணாதீர்கள். விதை நேர்த்திக்கும், நாற்றின் வேரை நனைத்து நடுவதற்கும், நட்ட பிறகு இளம் செடிக்குத் தெளிப்பதற்கும்தான் அது. பாக்கெட்டில் தயாரித்த தேதியைப் பாருங்கள். மாதக்கணக்கில் வெயிலில் தொங்கிய பாக்கெட்டில் மிச்சமிருப்பது வெறும் டால்க் தூள்தான். செம்பு மருந்தோடு சேர்த்து அடிக்காதீர்கள், செம்பு அந்தப் பாக்டீரியாவையும் கொன்றுவிடும். பஞ்சகவ்யாவால் செடி தெம்பாகும், கருகல் நிற்காது. புளித்த மோர், சமையல் சோடா, சாம்பல் இவற்றை அடித்து நின்றது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் கூடவே இலையையும் கழித்திருப்பார்கள், மழையும் விட்டிருக்கும்.

காய்களைச் சாப்பிடலாமா என்ற உங்கள் கேள்விக்கு: நோய் பட்ட செடியில் இருந்தாலும், காய் மேல் கருப்பு இல்லையென்றால் தாராளமாகச் சாப்பிடலாம், கழுவினால் போதும். கருப்பு விழுந்த காயை அந்தப் பகுதியை மட்டும் வெட்டிவிட்டுச் சமைக்க வேண்டாம், பூஞ்சையின் நச்சு சுற்றிலும் ஊடுருவியிருக்கலாம். இலை நிறைய கொட்டிய செடியில், காய் பச்சையிலிருந்து வெளுத்து லேசாகச் சிவப்பு ஏறும்போதே பறித்து வீட்டுக்குள் வைத்துப் பழுக்கவையுங்கள். செடிக்கும் பாரம் குறையும்.

பருவம் முடிந்ததும் செடியை வேரோடு எடுத்துவிடுங்கள். வீட்டு உரத்தொட்டியில் போடாதீர்கள். சின்ன தொட்டி இந்த வித்தைக் கொல்லும் அளவுக்குச் சூடாகாது. மண்ணைத் தூர எறிய வேண்டியதில்லை. சித்திரை வெயிலில் மாடியில் தாள் விரித்துக் கொட்டி, வேர்த் துண்டுகளைப் பொறுக்கி, லேசாக நனைத்து, தெளிவான பாலித்தீனால் இறுக்கமாக மூடி நான்கு முதல் ஆறு வாரம் விடுங்கள். கறுப்புத் தாளைவிடத் தெளிவான தாளில்தான் சூடு உள்ளே இறங்கும். பிறகு புது மண்புழு உரம் கலந்து, அந்த மண்ணில் வெண்டை, கீரை, முள்ளங்கி, கொத்தவரை போடுங்கள். தக்காளி, கத்தரி, மிளகாய், மணத்தக்காளி இரண்டு வருடமாவது அதே மண்ணுக்கு வேண்டாம். பழைய மூங்கில் குச்சி, சணல் இவற்றையும் மறக்காதீர்கள்: சணலைத் தூக்கிப் போடுங்கள், குச்சியைக் கழுவி வெயிலில் காய வையுங்கள்.

இந்தச் செடிகளிலிருந்து விதை எடுக்க வேண்டாம். அடுத்த முறை வாங்கும்போது பெங்களூரு ஹெசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக்கைக் கேட்டுப் பாருங்கள். இலைச்சுருள், பாக்டீரியா வாடல், முன்கருகல் மூன்றையும் தாங்குவதற்காக உருவாக்கிய கலப்பினம். அர்கா அபேத் என்பது இவற்றோடு பின்கருகலையும் தாங்கும், மலைப்பகுதிக்காரர்கள் அதைத் தேடலாம். தாங்கும் என்றால் வரவே வராது என்றில்லை, வந்தாலும் மெதுவாக ஏறும். கலப்பினம் என்பதால் அதிலிருந்து எடுத்த விதையில் அதே குணம் வராது, ஒவ்வொரு முறையும் வாங்க வேண்டும். ரசத்துக்கு நாட்டுத் தக்காளியின் புளிப்புதான் வேண்டும் என்றால் அதையே போடுங்கள். வீட்டு விதையை ஐம்பது டிகிரி வெந்நீரில் இருபத்தைந்து நிமிடம் வைத்து, உடனே குளிர்ந்த நீரில் போட்டு, நிழலில் உலர்த்தி விதையுங்கள். வெப்பமானி இல்லாமல் இதைச் செய்யாதீர்கள், ஐந்து டிகிரி கூடினாலும் விதை முளைக்காமல் போகலாம். சென்னையில் அந்த நாற்றை ஐப்பசி மழைக்கு முன் நடாமல், மழை ஓய்ந்து தை பிறக்கும் சமயத்தில் நட்டால், பனிக்காலத்தின் கடைசிப் பகுதியை மட்டும் கடத்தினால் போதும்.